ஏன் திரும்பிப் போனார் என்று கேட்பதற்கு முன்

கேள்வி இது: "எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் அக்காவை அவர் கணவர் அடிக்கிறார். சத்தம் கீழே வரை கேட்கிறது. இரண்டு தடவை அம்மா வீட்டுக்குப் போனார், இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டார். டிகிரி படித்தவர், வேலைக்கும் போகிறார். நம் ஊர்ப் பெண்கள் ஏன் எதுவுமே செய்யாமல் அடி வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்?"

நீங்கள் அக்கறையோடுதான் கேட்டிருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் "எதுவுமே செய்யாமல்" என்ற இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டில் அடிபடும் பெண்களோடு உட்கார்ந்து பேசுவது, மனு எழுதிக் கொடுப்பது, துணைக்கு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போய் வருவது என்று எனக்குப் பல வருடங்கள் ஓடிவிட்டன. எதுவுமே செய்யாத ஒரு பெண்ணைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. அவர்கள் செய்வது வெளியே இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஒருத்தர் சொன்னதைச் சொல்கிறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அவருடைய காது தெருமுனையிலேயே இருக்குமாம். கணவரின் பைக் வந்து ஒரே மூச்சில் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால் அன்றைக்குப் பயமில்லை. ஸ்டாண்டு இரண்டு மூன்று தடவை தட்டுப்பட்டு நழுவினால், உள்ளே வருவதற்கு அரை நிமிடம்தான் இருக்கிறது என்று அர்த்தம். அந்த அரை நிமிடத்துக்குள் அரிவாள்மனை அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்விடும். அடுப்பில் கொதிக்கிற குழம்பு இருந்தால் இறக்கி மூலையில் வைத்துவிடுவார். சின்னவனை "அத்தை வீட்டில் போய்க் கார்ட்டூன் பாரு" என்று எதிர்வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பிறகு சமையல்கட்டில் நிற்கவே மாட்டார். அங்கே இருப்பது ஒரே வழி, அதைக் கணவர் மறித்துக்கொண்டால் வெளியே வர முடியாது. அதனால் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வாசல் பக்கமாக நிற்பார். தாழ்ப்பாளுக்கு மாதம் ஒருமுறை தேங்காயெண்ணெய் விட்டு வைத்திருந்தார், சட்டென்று திறக்க வேண்டுமே என்று. எட்டு வருடம் இப்படி. அக்கம்பக்கத்தில் அவரை "பாவம், வாயில்லாப் பூச்சி" என்பார்கள்.

இதில் எதை "எதுவுமே செய்யவில்லை" என்று சொல்வது?

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் சுமார் 29 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருந்தார்கள். தமிழ்நாட்டில் அது 38 சதவீதம். அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி என்று யாரையாவது தேடிப் போனவர்கள் 14 சதவீதம் பேர்தான். சுமார் 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் வாயைத் திறக்கவும் இல்லை. உதவி கேட்ட கொஞ்சப் பேரிலும் பெரும்பாலோர் போய் நின்றது பிறந்த வீட்டு வாசலில். போலீஸ், வக்கீல் என்று போனவர்கள் மிகச் சிலர்.

இந்த 77 சதவீதத்தைப் பார்த்து "பெண்களே இதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்" என்று சொல்லிவிடுவது சுலபம். அதற்கு ஆதாரமாகக் காட்டவும் எண் கிடைக்கும். மனைவியை அடிப்பதற்கு ஏழு காரணங்களை முன்வைத்து, இவற்றில் எதற்காவது அடிப்பது சரியா என்று அதே கணக்கெடுப்பில் கேட்டபோது, நாட்டில் 45 சதவீதம் பெண்கள் ஒரு காரணத்துக்காவது சரி என்றார்கள். கல்லானாலும் கணவன் என்று கேட்டு வளர்ந்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் நேரில் உட்கார்ந்து பேசும்போது எனக்குப் புரிவது வேறு. முன்பின் தெரியாத ஒருவர் நோட்டும் கையுமாக வந்து கேட்கும்போது சொல்கிற பதில் ஒன்று. ராத்திரி அடிபட்டு முகம் வீங்கி உட்கார்ந்திருக்கும்போது சொல்வது இன்னொன்று. "நான் பேசினது தப்புதாங்க" என்று ஆரம்பித்த பெண்ணே பத்து நிமிடம் கழித்து, "ஆனா அதுக்காக வயித்துல மிதிப்பானா?" என்று கேட்டிருக்கிறார். இரண்டுமே அவர் மனதில் இருப்பதுதான். போக்கிடம் இல்லாதபோது முதலாவது வாயில் வருகிறது.

போக்கிடம் என்ற சொல்லை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடத்தில் நான் அதிகம் கேட்ட சொல் அதுதான். "போக்கிடம் இல்லீங்க." அடிபடும் பெண் எடுக்கிற ஒவ்வொரு முடிவும், இங்கிருந்து காலை எடுத்தால் அடுத்து எங்கே வைப்பது என்பதை வைத்துத்தான். பொறுத்துப் போவது, தந்திரமாகத் தப்பிப்பது, கத்துவது, அம்மா வீட்டுக்குப் போவது, திரும்பி வருவது, புகார் கொடுப்பது, புகாரை வாபஸ் வாங்குவது எல்லாவற்றையும் இந்த ஒரு கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் புரியும்.

வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு செய்கிற எதிர்ப்புகள் எத்தனையோ. சபரிமலைக்கு மாலை போடச் சொல்லிக் கணவரைத் தலைகீழாக நின்று சம்மதிக்க வைக்கும் பெண்களைத் தெரியும். பக்தி ஒரு பக்கம், 41 நாள் குடி இல்லை, அடி இல்லை என்பது இன்னொரு பக்கம். குடிக்க மாட்டேன் என்று சாமி முன்னால் கயிறு கட்டச் சொல்லிக் கோயில் கோயிலாக அழைத்துப் போவார்கள். திருவிழாவில் சாமி வந்து ஆடும் பெண் ஊரார் முன்னால் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கண்டிப்பதையும், அவர் கை கட்டி நின்று திருநீறு வாங்கிக்கொள்வதையும் நீங்களே பார்த்திருக்கலாம். மற்ற நாளில் அந்த வாயிலிருந்து வர முடியாத பேச்சு அது. இன்னும் பொறுக்க முடியாமல் போனால் தெருவில் இறங்கி மண்ணை வாரித் தூற்றுவார்கள். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு பகிரங்க வழக்கு. நாலு சுவருக்குள் நடந்ததைத் தெருவுக்குக் கொண்டுவந்து, ஊரையே சாட்சியாக்கிவிட்டு உள்ளே போகிறாள். அடுத்த சில வாரம் அடிக்கிற கை கொஞ்சம் யோசிக்கும்.

அப்புறம் தாய்வீடு. கோபித்துக்கொண்டு போய் நாலு நாள் இருப்பது நம் ஊரில் பழைய வழிதான். ஆனால் அந்த வீட்டில் அவளுக்கு என்ன உரிமை? வந்த முதல் நாள் கோழி அடித்துச் சோறு போடுவார்கள். பத்தாவது நாள் "மாப்பிள்ளை போன் பண்ணாரா?" என்பார்கள். மாதம் ஒன்றானால், "சட்டி பானைன்னா முட்டத்தான் செய்யும், அனுசரிச்சுப் போம்மா" என்று ஆரம்பிக்கும். கல்யாணத்துக்கு ஒரு தங்கை இருந்தால் பேச்சு இன்னும் சீக்கிரம் வரும். அதற்குமேல் தங்கினால் ஊர் கொடுக்கும் பட்டம் வாழாவெட்டி. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்!

இதில் சொத்து விஷயம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. ஆனால் பத்திர ஆபீசில் உட்கார்ந்து பாருங்கள், அக்கா தங்கைகள் வரிசையாக வந்து தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் வரும் பதில், "நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அண்ணன் வீட்டுப் படி ஏறணும்ல." நன்றாகக் கவனியுங்கள். போக்கிடம் வேண்டும் என்பதற்காகவே, சட்டம் கொடுத்த போக்கிடத்தில் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கிறார்கள். உரிமையாக இருந்தது அண்ணனின் தயவாக மாறிவிடுகிறது. தயவுக்கு ஒரு கெடு உண்டு.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஆய்வாளர்கள் பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் இருவரும் சுமார் 500 பெண்களிடம் பேசிச் செய்த ஆய்வு 2005-ல் வெளியானது. நிலமோ வீடோ தன் பெயரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவரிடம் அடிபட்டிருந்தார்கள். நிலம் மட்டும் இருந்தவர்களில் 18 சதவீதம், வீடு மட்டும் இருந்தவர்களில் 10 சதவீதம், இரண்டும் இருந்தவர்களில் 7 சதவீதம். தொடர்ந்து அடிபட்ட பெண்களில், சொத்துள்ளவர்கள் 71 சதவீதம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள், சொத்தில்லாதவர்களில் 19 சதவீதம் பேர்தான் வெளியேறினார்கள். அத்தனையும் படிப்பறிவு மிகுந்த கேரளத்தில். உங்கள் மாடி வீட்டு அக்காவின் டிகிரியை வைத்து நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை. படிப்பு தைரியம் கொடுக்கும், சரி. ராத்திரி பதினோரு மணிக்குத் தங்கப் படிப்பு ஒரு அறையைக் கொடுக்காது.

நம் நல்லதங்காள் கதையும் இதுதானே. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அண்ணி கதவைச் சாத்துகிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுகிறாள். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. போக்கிடம் அற்றுப்போன ஒருத்தியைத் தெய்வமாக்கிக் கும்பிடுகிற ஊர் நாம்.

அந்தப் பெயர் சட்டத்துக்குள்ளும் வந்தது. கணவனின் கொடுமை தாங்காமல் குழந்தைகளோடு கிணற்றில் விழுந்த ஒரு பெண் பிழைத்துக்கொண்டாள், குழந்தைகள் இறந்துவிட்டன, அவள் மீது கொலை வழக்கு. 1989-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி டேவிட் அன்னுசாமி அதைப் பார்த்தபோது, இது நல்லதங்காள் நிலை என்றார். அதுவரை சட்டத்தில், கொலைக் குற்றத்தைக் குறைத்துப் பார்க்க வைக்கும் ஆத்திரமூட்டல் என்றால் அந்த நொடியில் திடீரென்று நடப்பதுதான் கணக்கு. வருடக்கணக்காகச் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் உடைவதும் ஆத்திரமூட்டல்தான் என்று அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. பிற்பாடு, கணவன் அடித்த கட்டையையே பிடுங்கித் திருப்பி அடித்ததில் அவன் இறந்துபோன ஒரு பெண்ணின் வழக்கில், கவுகாத்தி உயர் நீதிமன்றமும் இதே கருத்தைக் கையில் எடுத்தது. திருப்பி அடிக்கிற பெண்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆனால் அப்படி நடந்துவிட்டால் ஊர் அதை மட்டும்தான் பேசும், அதற்கு முந்தைய பன்னிரண்டு வருடத்தை யாரும் பேச மாட்டார்கள்.

சரி, போலீசுக்குப் போகலாமே என்பீர்கள். போகிறார்கள். தமிழ்நாட்டில் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியது. இன்று 200-க்கும் மேல் இருக்கின்றன. ஆண்கள் நிறைந்த ஸ்டேஷன் படி ஏறவே பயந்த பெண்களுக்கு அது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் இப்படி. மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, கிடைக்கும். இரண்டு தரப்பையும் வரச் சொல்வார்கள். பெஞ்சின் இந்த ஓரத்தில் அவள், அந்த ஓரத்தில் அவன், நடுவில் மாமியார். "இனிமே அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்குவார்கள். "குழந்தைகளை நினைச்சுப் பாரும்மா" என்பார்கள். சேர்ந்து ஒரே பைக்கில் வீட்டுக்குப் போவார்கள். ஒரு பெண் என்னிடம் சொன்னார்: "அந்தப் பேப்பர்ல அவர் கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்தையும் வாங்கினாங்க. நான் எதுக்குங்க கையெழுத்துப் போடணும்?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம், போக்கிடம் என்ற இடத்தைச் சரியாகத் தொட்டது. அதற்கு முன்னால் இருந்த 498-ஏ, இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவில் 85-வது பிரிவு, கணவனை ஜெயிலில் போடுகிற சட்டம். எத்தனையோ பெண்களுக்கு அது தேவைப்படுவதில்லை. "அவர் ஜெயிலுக்குப் போக வேண்டாம், என்னை அடிக்காம இருந்தா போதும், வீட்டை விட்டுத் துரத்தாம இருந்தா போதும்" என்பார்கள். இந்தச் சட்டத்தில் மேஜிஸ்திரேட்டிடம் அதைக் கேட்கலாம். அடிக்கக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு, வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று வசிப்பிட உத்தரவு, செலவுக்குப் பணம், குழந்தைகளைத் தன்னோடு வைத்துக்கொள்வது எல்லாம் ஒரே மனுவில். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் மருமகள் அங்கே வசிக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதுவரை "வீடு என் பேர்ல இருக்கு, வெளிய போ" என்ற ஒரு வரியில் எத்தனையோ பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் கூடப்போன எந்த மனுவும் 60 நாளில் முடிந்ததில்லை. ஆனால் இடைக்கால உத்தரவு சீக்கிரம் கிடைத்திருக்கிறது, அதுவே சிலருக்கு மூச்சுவிடப் போதுமானதாக இருந்தது.

தனித்தனியாக இல்லாமல் சேர்ந்து எழுந்த கதைகளும் உண்டு. 1992-ல் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில், தூபகுண்ட என்ற கிராமத்தில், அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்ட பெண்கள் சாராயக்கடையை மூட வைத்தார்கள். பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு கதை அவர்கள் வீட்டுக் கதையாகவே இருந்தது. துடைப்பமும் மிளகாய்ப்பொடியுமாக அது மாவட்டம் முழுக்கப் பரவி, 1993-ல் சாராயத் தடைக்கும் 1995-ல் முழு மதுவிலக்குக்கும் வழிவிட்டது. மதுவிலக்கு பிறகு தளர்த்தப்பட்டது, அது வேறு கதை. எங்கள் வீட்டில் அடிக்கிறார்கள் என்று நேராகச் சொல்ல முடியாத பெண்கள், கடையை மூடு என்று சேர்ந்து சொன்னார்கள். நம் ஊரில் டாஸ்மாக் வாசலில் உட்காரும் பெண்களின் கோபத்திலும் பாதி இதுதான். ஆனால் குடியே முழுக் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவர்களின் மனைவிகளில் சுமார் 70 சதவீதம் பேர் அடிபடுகிறார்கள் என்பது உண்மை. சொட்டுக்கூடக் குடிக்காதவர்கள் வீட்டிலும் 23 சதவீதம் என்று முன்னால் சொன்ன தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த 23-க்கு எந்தக் கடையை மூடுவது?

புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் செய்தது இன்னொரு வகை. பள்ளிவாசல் ஜமாஅத்தில் ஆண்கள்தான் உட்கார்ந்து குடும்ப வழக்குகளைப் பேசித் தீர்ப்பார்கள், வழக்கு அவளுடையது என்றாலும் அவளுக்கு அங்கே இடமில்லை. ஊர்ப் பஞ்சாயத்துகளிலும் இதே நிலைமைதான், பெண்கள் தள்ளி மரத்தடியில் நிற்பார்கள். ஷரீபாவும் தோழிகளும் பெண்களே உட்கார்ந்து விசாரிக்கும் பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கினார்கள். மனு வாங்கினார்கள், கணவர்களை வரச் சொன்னார்கள், தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கும் போனார்கள். தன் வாயாலேயே, தன்னைப் போன்றவர்கள் முன்னால் நடந்ததைச் சொல்ல ஒரு இடம் கிடைத்தது.

இனி உங்கள் மாடி வீட்டு அக்கா. இரண்டு தடவை போய்த் திரும்பினார் என்றீர்கள். என் அனுபவத்தில் கடைசியாகப் போகிறவர்கள் எல்லாருமே அதற்கு முன்னால் மூன்று நான்கு தடவை போய்த் திரும்பியவர்கள்தான். ஒவ்வொரு தடவையும் அவர் ஏதோ ஒன்றைத் தெரிந்துகொண்டுதான் திரும்புகிறார். அப்பா எத்தனை நாள் தாங்குவார், தம்பி மனைவி என்ன சொல்வாள், அம்மா ஊரிலிருந்து ஆபீசுக்குப் பஸ் இருக்கிறதா, பிள்ளைகளின் டி.சி. வாங்க முடியுமா. வேலைக்குப் போகிறார் என்பதை வைத்து அவர் கையில் பணம் இருக்கிறது என்றும் முடிவு கட்டாதீர்கள். ஏ.டி.எம். கார்டு யாருடைய பர்சில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். "கிளம்பிடுங்க அக்கா" என்று அவசரப்படுத்தவும் வேண்டாம். பிரிந்து போகிறாள் என்று தெரிந்ததும் அடி கூடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆபத்து அதிகமாக இருப்பது கிளம்புகிற அந்த நாட்களில்தான்.

ஏன் திரும்பி வந்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் தனியாக இருக்கும்போது, எந்த நேரமானாலும் எங்கள் கதவைத் தட்டலாம் என்று சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் நம்ப மாட்டார், வேறு வேறு நாளில் சொல்லுங்கள். சத்தம் கேட்கிறபோது ஏதாவது காரணம் சொல்லி மாடிக்குப் போய் பெல் அடிக்கலாம், தனியாகப் போக வேண்டாம், இரண்டு பேராகப் போங்கள். கை மீறினால் 181, அது பெண்களுக்கான உதவி எண். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், மனு எழுதவும் உதவுவார், வக்கீல் கட்டாயமில்லை. அடிபட்ட அன்றே அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, யார் அடித்தது என்று சொல்லிச் சீட்டு வாங்கிவைத்தால் பிறகு கோர்ட்டில் உதவும்.

தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்ட பெண்ணைச் சொன்னேனே. அவர் எதிர்வீட்டு அத்தையிடம் ஒரு மஞ்சள் பையைக் கொடுத்து வைத்திருந்தார். ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் போட்டோ ஒன்று, ஒரு ஜோடிச் செருப்பு, சீட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்த நாலாயிரத்துச் சொச்சம். செருப்பு எதற்கு என்று கேட்டேன். "முதல் தடவை வெறுங்காலோட ஓடினேன். பஸ்ல எல்லாரும் என் காலையே பாத்தாங்க" என்றார். அந்தப் பை எதிர்வீட்டு பீரோவில் இரண்டு வருடம் இருந்தது. அந்த அத்தை ஒருநாள்கூட "எப்ப எடுத்துக்கப் போற?" என்று கேட்கவில்லை. ஒரு மார்கழி ராத்திரி அவர் வந்து கதவைத் தட்டியபோது, பையை எடுத்துக் கொடுத்து, தன் மகனை ஆட்டோ பிடிக்க அனுப்பினார்.